மூன்றாவது பின்

மைக்செட் தொழிலில் இருக்கிறவர்களிடம் போய், "ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வந்துகிட்டே இருக்கு, என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பலரும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "எர்த்த கட் பண்ணிரு."

மூன்று பின் பிளக்கில் மேலே தடியாக, மற்ற இரண்டைவிட நீளமாக ஒரு பின் இருக்குமே, அதைக் கழற்றிவிடுவது. அல்லது பிளக்கைத் திறந்து பச்சை வயரை நறுக்கிவிடுவது. இரண்டு நிமிட வேலை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். செய்தவுடன் பல நேரம் இரைச்சல் நின்றுபோகும். நிற்காமல் இருந்தால் இந்தப் பழக்கம் எப்போதோ ஒழிந்திருக்கும். நின்றுவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

கல்லூரி விடுமுறைகளில் மூன்று வருடம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தேன். ஆபரேட்டர் எல்லாம் இல்லை. கேபிள் சுற்றுவது, டாடா ஏஸில் ஸ்பீக்கர் ஏற்றி இறக்குவது, டீ வாங்கி வருவது. கோயில் கொடை, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராகப் போவோம். அறவியல் என்று ஒரு பாடம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு அதை வாசிக்க ஆரம்பித்தபோது, புத்தகங்களில் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றை அந்த டாடா ஏஸிலேயே பார்த்துவிட்டோமே என்று தோன்றியது. ஒரு தொல்லையைத் தீர்ப்பது ஒன்று, அதை இன்னொருத்தர் தலையில் ஏற்றிவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் வெளியே தெரியும் விளைவு ஒன்றாகவே இருந்தால், வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு யார் பொறுப்பு?

2

முதலில் அந்த ம்ம்ம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இது தெரியாமல் மேலே பேசினால் வெறும் உபதேசமாகிவிடும்.

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுழற்சி. அந்த 50 ஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாறினால் அது ஒரு சுரம். ஹார்மோனியக் கணக்கில் சொன்னால், மிகக் கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. நாட்டில் உள்ள அத்தனை வயரும் இரவும் பகலும் அந்த ஒரே சுருதியில்தான் நிற்கின்றன. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் பவர் சப்ளை பழுதானால் அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ், கேட்கும். சீரியல் செட்டும் லைட் டிம்மரும் பக்கத்தில் இருந்தால் 'ஸ்ர்ர்ர்' என்று வண்டு மாதிரி ஒன்று. பழகின காது, சத்தத்தை வைத்தே வியாதி எங்கே இருக்கிறது என்று பாதி சொல்லிவிடும்.

ஊர் ஊராகப் போகிற செட்டில் அதிகம் வருவது 'எர்த் லூப்' எனப்படும் சமாச்சாரம். மிக்ஸருக்கு ஒரு இடத்தில் கரண்டு எடுத்திருப்போம். ஆம்ப்ளிஃபயர் நூறு அடி தள்ளி வேறொரு போர்டில் இருக்கும். இரண்டுக்கும் எர்த் உண்டு. ஆனால் இந்த எர்த்தும் அந்த எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. நடுவில் அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் இருக்கும். இரண்டு பெட்டியையும் ஆடியோ கேபிளால் இணைத்ததும், கேபிளின் மேலே பின்னியிருக்கும் ஷீல்டு வழியாக அந்த வித்தியாசம் ஓட ஆரம்பிக்கிறது. பாட்டு போகவேண்டிய பாதையில் மின்சாரமும் ஏறிக்கொள்கிறது. மிக்ஸரிலிருந்து வரும் சிக்னலே ஒரு வோல்ட் அளவுதான் என்பதால், இந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகக் கேட்கிறது.

ஒரு பெட்டியின் எர்த்தை வெட்டினால் வட்டம் உடைகிறது. இரைச்சல் நிற்கிறது. இதுவரை பௌதிகம் சரி.

ஆனால் எர்த் எதற்காக அங்கே இருக்கிறது? உள்ளே ஏதாவது ஒரு வயர் உரிந்து பெட்டியின் தகரத்தில் பட்டுவிட்டால், கரண்டு நேராகத் தரைக்கு ஓடி, ஃப்யூஸ் போய், எல்லாம் அணைந்துவிட வேண்டும். அதற்காக. எர்த் இல்லாவிட்டால் ஃப்யூஸ் போகாது. பெட்டி பார்க்க அப்படியே இருக்கும், பாட்டும் வரும். தகரத்தில் மட்டும் 230 வோல்ட் யாராவது தொடட்டும் என்று காத்திருக்கும். மைக்கின் உலோக உடம்பு, கேபிள் ஷீல்டு வழியாக மிக்ஸர் பெட்டியோடு இணைந்திருக்கிறது. அதனால் மைக்கைப் பிடிப்பது மிக்ஸரின் தகரத்தைப் பிடிப்பதுதான்.

நனைந்த கை, வெறுங்கால் என்றால் மனித உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்டுக்கு அது 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்ததை விட முடியாமல் கை இறுகிக்கொள்ளும். வீடுகளில் மாட்டுகிற பாதுகாப்பு பிரேக்கர் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும்படி செய்யப்பட்டிருப்பது சும்மா இல்லை.

1972ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி குரோஸ்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே செத்துப்போனார். ஈரக் கையால் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். அது ரப்பர் செருப்போடு மேடை ஏறுகிற நாடு. நம் கோயில் மேடையில் யார் செருப்பு போட்டுக்கொண்டு பாடுகிறார்கள்?

3

ஒரு கொடை. வில்லுப்பாட்டு. பாடுகிற அக்கா வில்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் தயார். அம்மன் முன்னால் மஞ்சத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் சொதசொதவென்று கிடக்கிறது. மைக்கைத் திறந்ததும் பந்தல் முழுக்க ம்ம்ம்.

எங்கள் ஆபரேட்டரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அறுபதை நெருங்கிய ஆள். அவர் மிக்ஸரில் எல்லா வால்யூமையும் கீழே இறக்கினார். இரைச்சல் அப்படியே இருந்தது. "அப்ப மைக்குல இல்ல, அங்கிட்டு எங்கயோ இருக்கு" என்றார். ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற கேபிளைப் பிடுங்கினார். நின்றது. திரும்பச் செருகினார். வந்தது.

கமிட்டிக்காரர் வந்துவிட்டார். "சாமக் கொடைக்கு நேரம் ஆயிட்டுல்லா, கதய ஆரம்பிக்க வேண்டாமா?" அவருக்குப் பின்னாலேயே எங்கள் முதலாளி அண்ணாச்சி. "ஏ மாப்ள, என்ன இம்புட்டு நேரம்? எர்த்த புடுங்கிவிட்டா நின்னுட்டுப் போவுது."

மாமா நிமிரவே இல்லை. "நிக்கும் அண்ணாச்சி. அதான் வேண்டாங்கேன்."

அப்போது அந்தப் பதில் எனக்குப் புரியவில்லை. நிற்கும் என்றால் ஏன் வேண்டாம்?

அவர் மிக்ஸரின் பின்னால் மாட்டியிருந்த ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு மெல்லிய கறுப்பு வயர். எங்களுடையது இல்லை. கொடையை லைவ் போடுகிற பையன்கள், தங்கள் கம்ப்யூட்டருக்கு ஆடியோ வேண்டும் என்று எங்கள் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்டு பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கோயில் மீட்டர் ஒரு எர்த், பக்கத்து வீடு இன்னொரு எர்த். அந்தக் கறுப்பு வயர் இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தது. அதைக் கழற்றினதும் பந்தலே மூச்சு விட்ட மாதிரி அமைதி.

எங்கள் போர்டிலிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து அந்தக் கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுத்தோம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே இடத்து எர்த். வயரைத் திரும்ப மாட்டினோம், இரைச்சல் இல்லை. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். கணக்கு முடிக்கும்போது 'கத லேட்டு' என்று சொல்லிப் பேசின தொகையில் 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ராத்திரி முழுக்க அக்கா பாடினார். அவருக்கு இது எதுவும் தெரியாது. எர்த்தைப் பிடுங்கியிருந்தாலும் அநேகமாக அதே மாதிரி பாடி முடித்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கும் அதே பாட்டு, அதே அமைதி. இரண்டு ராத்திரிகளையும் ரெக்கார்ட் பண்ணி வைத்து எந்த நிபுணரிடம் கொடுத்தாலும் அவரால் வித்தியாசம் சொல்ல முடியாது. மாமாவின் 25 நிமிடம் ஒலியில் எங்கேயும் பதிவாகவில்லை. 500 ரூபாய் குறைந்ததில் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது.

4

எர்த்தை வெட்டுகிறவர்கள் கொலைகாரர்கள் இல்லை. அவர்களிடம் நியாயங்கள் இருக்கின்றன. அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

முதல் நியாயம்: "நம்ம ஊர்ல எர்த் எங்கங்க வேல செய்யுது? பாதி இடத்துல அந்த ஓட்டைக்குப் பின்னால வயரே கிடையாது. இல்லாத ஒண்ண வெட்டுனா என்ன?" இது பல இடங்களில் உண்மை. வயர் நுனியை உரித்து சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி வைத்து இறுக்குகிற மேடைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வாதம் தன் காலையே வாரிவிடுகிறது. எர்த் எங்கேயும் போகாமல் செத்துக் கிடந்தால், அதை வெட்டுவதால் இரைச்சல் நிற்கக் காரணமில்லை. வெட்டினதும் நின்றது என்றால், அந்த வயரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அது உயிரோடு இருந்தது என்று அர்த்தம். அதாவது எர்த் வேலை செய்கிற இடத்தில்தான் இந்த வைத்தியம் பலிக்கும். மாமா சொன்னது அதைத்தான்: நிக்கும், அதான் வேண்டாம்.

இரண்டாவது நியாயம்: "இருபது வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல." ஏன் ஆகவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. எர்த் வெட்டப்பட்ட பெட்டி, ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக அடுத்த பெட்டியின் எர்த்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஆளின் உயிர் தலைமுடி மாதிரி இருக்கும் செப்புப் பின்னலை நம்பி நிற்கிறது. யாராவது ஒரு பையன் அந்தக் கேபிளைக் கழற்றுகிற நொடி வரைக்கும். இருபது வருட அனுபவம் என்று அவர் சொல்வது இருபது வருட அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்துக்கும் குற்றத்துக்கும் என்ன உறவு என்பது பழைய தலைவலி. 1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 'மாரல் லக்' என்ற பெயரில் இதை விவாதத்துக்கு எடுத்தார்கள். நேகல் ஒரு லாரி டிரைவரைப் பற்றிச் சொல்கிறார். பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டவர். குழந்தை குறுக்கே வந்தால் அவர் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. வராவிட்டால் கொஞ்சம் அசட்டையான டிரைவர், அவ்வளவுதான். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். குழந்தை வந்ததும் வராததும் அவர்கள் கையில் இல்லை. அப்படியிருக்க, ஒருவரை மட்டும் நாம் ஏன் அதிகமாக வெறுக்கிறோம்?

நேகல் இதற்கு முடிவான விடை தரவில்லை. என் எண்ணம் இது: நடந்து முடிந்ததைத் தண்டிக்கிறபோது விளைவைப் பார்க்காமல் இருக்க நம்மால் முடியாது, மனம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறபோது விளைவைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது. 'ஒண்ணும் ஆகல' என்பது நேற்றைய பேச்சு. பிளக்கைக் கையில் வைத்திருக்கும் ஆளுக்கு அது பதில் ஆகாது.

மூன்றாவது நியாயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தாங்கப் போவது நாம் இல்லை. எர்த்தை வெட்டுகிற ஆபரேட்டர் மிக்ஸருக்குப் பின்னால் செருப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். அமைதி வேண்டும் என்று கேட்ட கமிட்டி முன்வரிசையில் இருக்கிறது. ஜனம் ஜமுக்காளத்தில். ஈர மண்ணில் உட்கார்ந்து உலோகத்தைத் தொடப் போகிறவர் பாடுகிறவர் மட்டும். அவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவர் சொன்னாலும் கேட்பதில்லை. எர்த் இல்லாத மிக்ஸரில் பாடுகிறவர்கள் சில நேரம் சொல்வார்கள்: "தம்பி, மைக் லேசா சுர்ருங்குது." பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கசிகிற கரண்டு அது. மிகக் கொஞ்சம், அதனால் ஆள் சாகாது. ஆனால் அது ஒரு தகவல்: இந்தப் பெட்டிக்குத் தரை இல்லை. அதற்கு வழக்கமான வைத்தியம், மைக்கில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கொடுப்பது. முதல் எச்சரிக்கை காதுக்கு வந்தது, வெட்டிவிட்டோம். இரண்டாவது எச்சரிக்கை கைக்கு வந்தது, துணி சுற்றிவிட்டோம். மூன்றாவது எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது.

5

டி. எம். ஸ்கான்லன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1998ல் எழுதிய ஒரு நூலில் ஒரு கற்பனை உதாரணம் வரும். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கொடைதான் ஞாபகம் வந்தது. ஒரு டிவி நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் அறையில் ஜோன்ஸ் என்பவர் கைமேல் கருவி விழுந்து மாட்டிக்கொள்கிறார். தொடர்ந்து கடுமையாக ஷாக் அடித்துக்கொண்டிருக்கிறது. அவரை வெளியே எடுக்க வேண்டுமானால் ஒளிபரப்பைப் பதினைந்து நிமிடம் நிறுத்த வேண்டும். ஆனால் உலகக் கோப்பை ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது, எக்கச்சக்கமான பேர் பார்க்கிறார்கள். ஆட்டம் முடியட்டும் என்று விடலாமா?

கூடாது என்கிறார் ஸ்கான்லன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கையே இங்கே செல்லாது. அத்தனை பேரின் சின்னச் சின்ன ஏமாற்றத்தையும் கூட்டி ஒரு மூட்டையாகக் கட்டி ஜோன்ஸின் வலிக்கு எதிராகத் தராசில் வைக்க முடியாது. ஏனென்றால் அந்த மூட்டை முழுவதையும் அனுபவிக்கிற ஆள் என்று ஒருவர் இல்லை. ஒவ்வொருவராக வந்து ஜோன்ஸின் முகத்தைப் பார்த்து, "எனக்குப் பதினைந்து நிமிட ஆட்டம் போயிடும், அதனால நீ பொறுத்துக்கோ" என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது நியாயம் இல்லை.

இதை அப்படியே வில்லுப்பாட்டு அக்காவுக்குப் பொருத்திவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஜோன்ஸுக்கு ஷாக் அடித்துக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு அடிக்கலாம் என்கிற சாத்தியம்தான், அதுவும் சின்னது. சின்ன ஆபத்தை மற்றவர்மேல் ஏற்றாமல் யாரும் வாழ முடியாது. பைக்கை எடுத்துத் தெருவுக்குப் போனாலே ஏற்றுகிறோம். எல்லா ஆபத்தையும் தடுக்க வேண்டும் என்றால் கொடையே நடத்த முடியாது. ஸ்கான்லனின் கொள்கையை விமர்சிக்கிறவர்கள் அவரை மடக்குகிற இடமும் இதுதான்.

ஆனால் அந்தத் தராசில் நாம் வைத்திருக்கும் பொருளே தப்பு. ஒரு பக்கம் ஆயிரம் பேரின் அமைதி, மறுபக்கம் ஒருத்தியின் சின்ன ஆபத்து என்று வைத்தால் அது பெரிய தர்மசங்கடம் மாதிரி தெரிகிறது. உண்மையில் அமைதி இரண்டு வழியிலும் கிடைக்கிறது. எர்த்தை வெட்டினாலும் கிடைக்கும், அந்தக் கறுப்பு வயரைத் தேடிப் பிடித்தாலும் கிடைக்கும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்டு எடுக்கலாம். ஆடியோ கேபிளையும் கரண்டு கேபிளையும் ஒட்டி ஓடவிடாமல் தள்ளிப் போடலாம். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு வயரில் சிக்னலை ஒன்றுக்கொன்று எதிராக அனுப்பி, இரண்டிலும் சமமாக ஏறுகிற இரைச்சலைக் கடைசியில் கழித்துவிடுகிற பேலன்ஸ்டு கேபிள் போடலாம். வட்டத்தை உடைத்தே ஆகவேண்டும் என்றால் 'டிஐ பாக்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் உள்ள சுவிட்ச் ஆடியோ கேபிளின் ஷீல்டை மட்டும் துண்டிக்கும், கரண்டு பிளக்கின் எர்த்தைத் தொடாது. இதெல்லாம் ரகசியம் இல்லை.

அப்படியானால் தராசில் இருப்பது ஆயிரம் பேரின் அமைதி இல்லை. இருபத்தைந்து நிமிடமும் ஒரு சின்னப் பெட்டியின் விலையும்தான். ஒரு உயிருக்கு எதிரில் இதை வைத்துப் பார்த்தால் எந்தத் தத்துவவாதியும் தேவையில்லை. பல நேரங்களில் நம் முன்னால் பெரிய தர்மசங்கடமாக வந்து நிற்பது, கிட்டே போய்ப் பார்த்தால், யாரோ கொடுக்க விரும்பாத கொஞ்சம் நேரம்.

6

அந்த நேரத்தை யார் கொடுக்க வேண்டும்? ஆபரேட்டர் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் மாமாவைப் பெரிய ஆளாகக் காட்டியிருக்கிறேன், அவர் பெரிய ஆள்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஆள் 500 ரூபாய் இழந்து நல்லவனாக இருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தால், அந்த ஏற்பாடு நல்லவர்களைச் சீக்கிரம் தொழிலைவிட்டு அனுப்பிவிடும். அவசரக்காரன் ஐந்து மணிக்கு வந்து ஆறு மணிக்குத் தொடங்கிவிடுவான். பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் 'ஸ்லோ' என்று பெயர் வாங்குவான். அடுத்த வருடக் கொடைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இரைச்சல் எல்லோருக்கும் கேட்கிறது. அதனால் எல்லோரும் புகார் சொல்கிறார்கள். எர்த் இல்லாதது யாருக்கும் கேட்பதில்லை. கேட்கிறதற்கு மட்டும் காசு கொடுத்தால் கேட்காததை விற்றுத்தான் அவர்கள் அமைதியைக் கொண்டுவந்து தருவார்கள். "எப்படியாவது நிறுத்துங்க" என்று கமிட்டிக்காரர் சொன்னபோது, அந்த 'எப்படியாவது'க்குள் மூன்றாவது பின்னும் இருந்தது. அவருக்கு அது தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கிற வசதியும் அவருக்குத்தான் இருந்தது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து "மைக் இரையுதுப்பா" என்று கத்தின நமக்கும் இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் புத்தக வெளியீடு, வாசகர் சந்திப்பு, சின்னக் கச்சேரி என்று ஏதாவது நடத்துகிறவர்கள். வாடகைக்கு எடுத்த ஹால், வாடகைக்கு எடுத்த மைக்செட். சிறப்பு விருந்தினர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார். நீங்கள் ஓடிப்போய் சவுண்ட் ஆளிடம் "அண்ணே, சீக்கிரம்" என்பீர்கள். அதற்குப் பதிலாக மூன்று காரியம் செய்யலாம். சவுண்ட் ஆளை ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லி, அந்த ஒரு மணிக்கும் சேர்த்துக் காசு பேசுங்கள். மைக் சுர்ரென்றது என்று யாராவது சொன்னால் கைக்குட்டை தேடாமல் மைக்கைக் கீழே வைக்கச் சொல்லி, கரண்டை நிறுத்துங்கள். இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டால் நன்றி சொல்லிவிட்டு, "என்ன பண்ணுனீங்கண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல ஆபரேட்டராக இருந்தால் சந்தோஷமாகச் சொல்வார், இதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதில் சரியாக வராவிட்டால், மிக்ஸரின் பிளக் எங்கே என்று பார்த்து, அதில் மூன்று பின்னும் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.